இது நம்மட குடியில ஓடுற வருத்தமா? யூவியைட்டிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கண் டொக்டர் இல்லை. மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பதினொரு வருடமாக யூவியைட்டிஸ் என்ற கண் அழற்சி எனக்கு வந்து வந்து போகிறது. இந்த வருத்தத்தோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 என்ற பரம்பரைக் கூறு இரத்தத்தில் இருக்கிறது என்று வெளியே தெரிந்த நாளிலிருந்து, கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஆட்கள் என்னைப் பிடித்து வைத்துக் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

யூவியைட்டிஸ் என்றால் என்ன? சாதாரணக் கண்ணோயிலிருந்து அதை எப்படிப் பிரித்து அறிவது?

கண்ணின் வெளிச் சுவருக்கும் விழித்திரைக்கும் நடுவே குருதிக்குழாய் நிறைந்த ஒரு படை இருக்கிறது. அதன் முன்பகுதிதான் கண்மணியைச் சுற்றி நிறமாகத் தெரியும் கதிராளி. இந்தப் படையில் அழற்சி வந்தால் அது யூவியைட்டிஸ். முன்பக்கத்தில் வந்தால் கண் சிவந்து நோகும். பின்பக்கத்தில் வந்தால் நோவே இல்லாமல் பார்வை மங்கும், கண்ணுக்குள் பூச்சி பறப்பதுபோல் இருக்கும்.

கண்ணோய் என்றால் பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கிடக்கும், உறுத்தும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். முன்பக்க யூவியைட்டிஸ் பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். பீளை இல்லை. சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையம் போட்டதுபோல் இருக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. மற்றவர்களுக்குத் தொற்றாது.

எனக்கு முதல் தரம் வந்தபோது வகுப்பறை ட்யூப் லைட்டே கண்ணில் குத்தியது. பெரியம்மா பார்த்துவிட்டு, "என்ன மனே, ஒத்தக் கண் மட்டும் கள்ளுக் குடிச்சிருக்கு?" என்றா. பாமசியில் கிருமிகொல்லிச் சொட்டு மருந்து தந்தார்கள். வீட்டில் நந்தியாவட்டைப் பூவை ஒற்றினோம். இப்படியே ஐந்து நாள் போய்விட்டது. ஆறாம் நாள் கண் டொக்டர் ஸ்லிட் லேம்ப் என்ற கண் பார்க்கும் கருவியில் நாடியை வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சக் கீற்றை விட்டுப் பார்த்தார். கிடுகுக் கூரை ஓட்டையால் வெயில் விழும்போது தூசி மிதப்பது தெரியுமே, அப்படித்தான் என் கண்ணுக்குள் வெண்குருதிக் கலங்கள் மிதந்தனவாம். கண்மணியை விரிக்கும் மருந்து விட்ட பிறகு வீட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். வட்டமாக விரிய வேண்டியது மரமுந்திரிக் கொட்டைபோல் ஒரு பக்கம் இழுபட்டு நின்றது. அழற்சியில் கதிராளி பின்னால் இருக்கும் வில்லையோடு ஒட்டிப்போயிருந்தது. முந்தியே போயிருந்தால் அப்படி ஒட்டியிராது. அந்த ஐந்து நாளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும்.

இது குடிவழி வருமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் தமிழரும் சோனகரும் குடியை, அதாவது வம்சத்தை, தாய்வழியாகத்தான் எண்ணுகிறோம். அம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் தெரிவும் கலியாணப் பேச்சும் குடி பார்த்துத்தான் நடக்கும். அதனால் பரம்பரை வருத்தம் என்றதும், "எந்தக் குடியில் ஓடுது?" என்றுதான் கேட்கத் தோன்றும். என் தாய்மாமனுக்குக் கூன். எனக்குக் கண் வருத்தம் என்றதும் சொந்தக்காரர் உடனே கணக்கை முடித்துவிட்டார்கள்: தாய்வழி, குடிச் சொத்து.

ஆனால் பரம்பரையலகு (இந்தியப் பத்திரிகைகளில் மரபணு என்பார்கள்) குடியைப் பார்த்து வருவதில்லை. பி27 இருக்கும் இடம் ஆறாம் நிறமூர்த்தம் (குரோமோசோம்). அந்த நிறமூர்த்தத்தில் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. பெற்றோரில் ஒருவரிடம் பி27 ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. என் பிள்ளைகள் என் குடி இல்லை, மனைவியின் குடி. ஆனாலும் என் ஆறாம் நிறமூர்த்தத்தில் ஒன்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.

குடியைப் போலவே தாய்வழியாக மட்டும் இறங்குகிற ஒன்றும் உடலில் உண்டு: கலத்துக்குள் இருக்கும் இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியா) டி.என்.ஏ. அதில் வரும் விகாரங்களால், அதாவது பிறழ்வுகளால், லெபர் பார்வை நரம்பு வருத்தம் என்று ஒன்று வரும். அதைக் குடி வருத்தம் என்று சொன்னால் கணக்குச் சரியாக வரும். அது அழற்சி அல்ல, யூவியைட்டிஸும் அல்ல.

எச்.எல்.ஏ. என்று எழுதித் தருகிறார்களே, அது என்ன?

யுத்த காலத்தில் சென்றியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. உடலின் ஒவ்வொரு கலமும் தனக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளை வெளியே நீட்டிக் காட்டும். நோயெதிர்ப்புக் கலங்கள் ரோந்து வந்து அதைப் பார்க்கும். சொந்தத் துண்டு என்றால் விட்டுவிடும். வைரசின் துண்டு என்றால் அடிக்கும். அட்டையைப் பிடித்துக் காட்டும் அந்தக் கைதான் எச்.எல்.ஏ. மூலக்கூறு. ஆளுக்கு ஆள் கை வேறு. ஒவ்வொரு கையும் வேறு வேறு துண்டைப் பிடிக்கும்.

பி27 அப்படி ஒரு கை. அது ஏன் கண்ணிலும் முதுகிலும் கலவரத்தைக் கிளப்புகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் வைத்திருக்கிறார்கள். அது நீட்டும் துண்டு கிருமியின் துண்டைப்போல் இருப்பதால் காவல்காரர் ஏமாறுகிறார்கள் என்பது ஒன்று. அந்தக் கை ஒழுங்காக மடியாமல் கலத்துக்குள்ளேயே சிக்கி அழற்சியைத் தூண்டுகிறது என்பது இன்னொன்று. குடலில் வாழும் பற்றீரியாக்களின் கலவையை அது மாற்றுகிறது என்பாரும் உண்டு. துண்டுகளை அளவாக வெட்டித் தரும் ஈ.ஆர்.ஏ.பி.1 என்ற நொதியத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. சல்மொனெல்லா, சிகெல்லா போன்ற கிருமிகளால் வயிற்றோட்டம் வந்து சில கிழமை கழித்து, பி27 உள்ள சிலருக்கு மூட்டு வீங்கிக் கண் சிவப்பதும் உண்டு. குடலுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

அப்போ பி27 இருந்தால் வருத்தம் கட்டாயம் வருமா?

இல்லை. முதுகெலும்பு இறுகும் வருத்தத்துக்கும் பி27க்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளிவந்தது. கண்ணோடுள்ள தொடர்பும் அதே வருடம்தான். அதன் பிறகு பலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நம் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் நாட்டில் 1991இல் வந்த ஒரு கணக்கு இப்படி: வாழ்நாளில் முன்பக்க யூவியைட்டிஸ் வருவது பொதுவாக 1000 பேரில் 2 பேருக்கு. பி27 உள்ளவர்களில் 100 பேரில் ஒருவருக்கு. ஐந்து மடங்கு கூடுதல் என்று பயப்படலாம். 99 பேருக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்தால் பயம் போகும். இரண்டும் ஒரே கணக்குத்தான்.

மறுபக்கமாகப் பார்த்தால், ஐரோப்பாவில் திடீரென முன்பக்க யூவியைட்டிஸ் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு பி27 இருக்கும். தென்னாசியாவில் இந்தப் பங்கு அதைவிடக் குறைவு. அதனால் சோதனையில் இல்லை என்று வந்தாலும் யூவியைட்டிஸ் இல்லை என்று ஆகாது.

கண் டொக்டர் ஏன் முதுகு நோவைப் பற்றிக் கேட்டார்?

நல்ல டொக்டர் என்பதால். பி27 கண்ணோடு நிற்பதில்லை. அயர்லாந்தின் டப்ளின் நகரில், காரணம் தெரியாத முன்பக்க யூவியைட்டிஸோடு வந்தவர்களைச் சோதித்தபோது, 10 பேரில் 4 பேர் அளவில் முதுகெலும்பு அழற்சியோடு, அது தெரியாமலே நடமாடிக்கொண்டிருந்தார்கள். 2015இல் வந்த ஆய்வு அது.

வயலில் குனிந்து வேலை செய்து வரும் முதுகு நோவு ஓய்வெடுத்தால் குறையும். இது நேர்மாறு. படுத்தால் கூடும், விடியப்புறம் எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு பலகைபோல் இருக்கும், நடமாடினால் இளகும். இளம் வயதில் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும். என் மாமா இருபது வயதிலிருந்தே அப்படித்தான் இருந்தாராம். நெல் மூட்டை தூக்கி வந்த கூன் என்றே எல்லோரும் நினைத்தோம். யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை.

பி27 மட்டும்தானா? வேறு பரம்பரையலகுகளும் உண்டா?

உண்டு, வருத்தத்துக்கு வருத்தம் வேறு. வாயில் புண், மறைவிடத்தில் புண், கண்ணில் அழற்சி என்று மூன்றும் சேர்ந்து வருவது பெச்செத் வருத்தம். துருக்கியத் தோல் மருத்துவர் ஹுலுசி பெச்செத் 1937இல் விவரித்தது. அதற்குத் தொடர்பான கை பி51. மத்தியதரைக் கடலிலிருந்து ஜப்பான் வரை, பழைய பட்டுப்பாதை நெடுகிலும் கூடுதலாகக் காண்பதால் பட்டுப்பாதை வருத்தம் என்றும் சொல்வார்கள்.

ஏ29 என்று இன்னொன்று. விழித்திரையில் சன்னம் தெறித்ததுபோல் வெளிர் புள்ளிகள் விழும் ஒரு பின்பக்க வருத்தம் இருக்கிறது. அது வந்தவர்களில் 100க்கு 95 பேருக்கும் மேல் ஏ29 உள்ளவர்கள். இவ்வளவு இறுக்கமான தொடர்பு மருத்துவத்தில் அபூர்வம். அப்படி இருந்தும் ஏ29 உள்ளவர்களில் மிகச் சிலருக்கே அது வருகிறது. அதுவும் ஐரோப்பியரின் வருத்தம். இங்கே அதை நினைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

நம் போன்ற நிறமுள்ள மக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது வோக்ட்-கொயநகி-ஹரடா வருத்தம். நிறம் தரும் கலங்களையே உடல் தாக்கும். தலையிடி, காதில் இரைச்சல், இரண்டு கண்ணும் ஒன்றாக மங்குவது என்று தொடங்கி, பிறகு கண்ணிமை மயிர் வெளுக்கும், தோலில் வெள்ளைத் திட்டு விழும். டி.ஆர்.4 என்ற எச்.எல்.ஏ. வகையோடு இதற்குத் தொடர்பு. வெள்ளைத் திட்டைக் கண்டதும் குட்டம் என்று ஒதுக்கி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குட்டம் இல்லை, தொற்றாது.

ஒரே ஒரு பரம்பரையலகு பழுதானதால் மட்டும் வருவது உண்டா?

அபூர்வமாக உண்டு. ப்ளோ நோய்க்குறி என்பது அது. எட்வர்ட் ப்ளோ என்ற குழந்தை மருத்துவர் 1985இல் விவரித்தார். நொட்2 என்ற பரம்பரையலகில் விகாரம் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். சின்ன வயதிலேயே தோலில் பொரிபொரியாக வந்து, மூட்டு வீங்கி, கண்ணில் அழற்சி வரும். இது பி27போல் இல்லை. விகாரம் இருந்தால் பெரும்பாலும் வருத்தமும் இருக்கும், பிள்ளைக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு.

இதே நொட்2 இன்னொரு இடத்திலும் தலைகாட்டுகிறது. சீனாவில் குட்டநோய் பற்றி நடந்த பெரிய ஆய்வொன்று 2009இல் வந்தது. கிருமி தொற்றினாலும் யாருக்கு நோயாக மாறும் என்பதில் நொட்2இன் வேறுபாடுகளுக்கும் பங்குண்டு என்று அது காட்டியது. குட்டநோயும் கதிராளியில் அழற்சியைக் கொண்டுவரும். நம் வாவி நடுவே மாந்தீவு ஆஸ்பத்திரியில் தனித்து வைக்கப்பட்டவர்களை அந்தக் காலத்தில் பாவம் செய்தவர்கள் என்றார்கள். கிருமியும் பரம்பரையலகும் சேர்ந்து செய்த வேலை அது.

மச்சாளைக் கட்டினதால் பிள்ளைக்கு இது வந்ததா?

பி27க்கு ஒரு பிரதியே போதும். ஆகவே சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. சொந்தத்துக் கலியாணம் கூடுதலாகப் பிரச்சினை தருவது இரண்டு பிரதியும் பழுதானால்தான் வருகிற நோய்களில். தலசீமியா, மாலைக்கண்ணில் தொடங்கும் சில விழித்திரை நோய்கள் அந்த ரகம்.

"வேறு குடிதானே, பிறகென்ன?" என்று சமாதானம் சொல்வார்கள். மாமன் மகள் வேறு குடிதான், சரி. ஆனால் அவளுடைய அப்பம்மாவும் உங்கள் அம்மம்மாவும் ஒரே ஆள்.

பிள்ளைகளுக்கு எப்போது கவனிக்க வேண்டும்?

முழங்கால் வீங்கி நொண்டும் சின்னப் பிள்ளைக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைக்கு, இளம்பிராய மூட்டழற்சி என்று சொன்னால் கண் வெள்ளை வெளேரென்று இருந்தாலும் ஸ்லிட் லேம்பில் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளைகளின் யூவியைட்டிஸ் சிவக்காது, நோகாது. பார்வை போன பிறகுதான் தெரியும். ஆபத்துக் கூடியவர்களை மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்ப்பார்கள். "கண்ணுக்கு ஒன்றுமில்லையே" என்று கிளினிக் தவணையை விடாதீர்கள்.

நான் வயல் செய்கிறவன். எனக்கும் பரம்பரையால்தான் வந்ததா?

அப்படி முடிவுகட்ட முன் ஒன்றைச் சொல்லுங்கள்: கடைசி வேளாண்மைக் காலத்தில் கடும் காய்ச்சல் வந்ததா? அம்பாறை, படுவான்கரைப் பக்கத்து வயல்காரருக்கு எலிக்காய்ச்சல் தெரியும். காய்ச்சல் மாறிப் பல கிழமை, சில மாதம் கழித்துக்கூட அது கண்ணில் அழற்சியாக வரும். 1994இல் மதுரையில் வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பரவியபோது கண் ஆஸ்பத்திரிக்கு யூவியைட்டிஸ்காரர் கூட்டமாக வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சேற்றில் இறங்கியதையும் காய்ச்சலையும் நீங்கள் சொல்லாவிட்டால் டொக்டருக்கு எப்படித் தெரியும்? காசநோய், சிபிலிஸ், பூனை வழியாக வரும் டொக்சோபிளாஸ்மா ஆகியவையும் காரணமாகலாம். அழற்சியை அடக்கும் ஸ்டெரொயிட் கொடுக்கும் முன் இவற்றைத் தேடுவது அதனால்தான்.

பி27 சோதனை எல்லோரும் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. வருத்தம் வந்தவருக்கு, திரும்பத் திரும்ப வருபவருக்கு, முதுகு நோவும் இருப்பவருக்கு டொக்டர் எழுதுவார். சாப்பிட்டுவிட்டும் இரத்தம் கொடுக்கலாம். வாழ்க்கையில் ஒருதரம் போதும், விடை மாறாது. சுகமாக இருக்கும் பிள்ளைக்குச் செய்து என்ன பயன்? இருக்கிறது என்று வந்தாலும் கொடுக்க மருந்தில்லை. கலியாணப் பேச்சில் ஒரு வில்லங்கம் கூடும், அவ்வளவுதான். என் மகனுக்கு நான் செய்யவில்லை. ஒரு கண் சிவந்து வெளிச்சம் கூசினால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று மட்டும் பழக்கியிருக்கிறேன்.

கத்தரிக்காய், கணவாய், கண்ணூறு?

கிரந்திச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. கண்ணூறு கழித்தார்கள், அதிலும் இல்லை. சிகரெட் மட்டும் உண்மையிலேயே கெடுதல் செய்யும்.

மருந்து வாழ்நாள் முழுக்கவா?

முன்பக்க வகைக்கு அநேகமாக இல்லை. ஸ்டெரொயிட் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கொருதரம் விடச் சொல்வார்கள், பிறகு கிழமைக் கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். சிவப்புப் போய்விட்டது என்று நீங்களாக நிறுத்தினால் திரும்பக் கிளம்பும். கண்மணியை விரிக்கும் மருந்தையும் தருவார்கள், ஒட்டாமல் இருக்க. மீதி இருக்கும் போத்தலை அடுத்த முறைக்கென்று வைத்துக்கொண்டு நீங்களே விடுவதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் கூடாது. ஹெர்பிஸ் வைரசால் வந்த சிவப்பு என்றால் ஸ்டெரொயிட் கண்ணையே கெடுத்துவிடும்.

இங்கேயும் பரம்பரை வந்து நிற்கிறது. குடும்பத்தில் குளுக்கோமா இருந்தால் இந்த மருந்தால் கண் அழுத்தம் ஏறும் வாய்ப்புக் கூட. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பின்பக்க வகைகளுக்கும் விடாமல் திரும்பி வருபவைக்கும் நோயெதிர்ப்பை அடக்கும் மெதொட்ரெக்சேட், அடலிமுமாப் போன்ற மருந்துகள் உண்டு. அடலிமுமாப் 2016இல் அமெரிக்காவில் யூவியைட்டிஸுக்கு அனுமதி பெற்றது.

கிளினிக்குக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கே நேரே போங்கள். கிளினிக் கொப்பி, பாவிக்கும் மருந்துப் போத்தல்கள், எந்தக் கண்ணில் எந்தத் திகதியில் தொடங்கியது என்ற குறிப்பு ஆகியவை போதும். கண்மணியை விரித்தால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

அப்புறம், குடும்ப விபரம். என்னிடம் கேட்டபோது மாமாவின் கூனிலிருந்து பூட்டி வரை தாய்வழியைக் கொப்பியில் ஒரு பக்கம் நிறையக் கீறிக் கொடுத்தேன். டொக்டர் பார்த்துவிட்டு, "அப்பா பக்கம்?" என்றார். அந்தப் பக்கம் வெறுமை. வீட்டுக்கு வந்து அக்கரைப்பற்றில் இருக்கும் அப்பாவின் தங்கைக்குக் கோல் எடுத்தேன். மாமி முதலில் மழுப்பினா, பிறகுதான் சொன்னா. மூத்த மச்சானுக்கு முழங்கையில் செதில் செதிலாகத் தோல் உரிகிறதாம், சொரியாசிஸ் என்றார்களாம், விரல் மூட்டுகளும் வீங்குகிறதாம். அதுவும் பி27ஓடு வரும் வருத்தங்களின் கூட்டத்தில் ஒன்றுதான். பி27 எனக்கு மாமாவின் பக்கத்தால் வந்ததா, மச்சானின் பக்கத்தால் வந்ததா என்று இன்னும் தெரியாது. மச்சானைப் போன மாதம் மூட்டுக் கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள்.